மேட்டின் பேர்

காடு திருத்தக் குடியேறிய இரண்டாம் மாதமே, சடையம்மாளின் புருஷன் மொக்கையன் தான் வெட்டிய மரத்தின் அடியிலேயே நசுங்கிச் செத்தான். அன்றிலிருந்து எல்லாருக்கும் அந்த இடம் ‘மொக்கையன் செத்த மேடு’. அவள் மட்டும் ‘நம்ம மேடு’ என்பாள். புருஷன் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதேயில்லை. பிணத்தின் மேல் விழுந்து அழுதபோதுகூட.

ஏழு வருஷம் கழித்து சர்வேயர் வந்தபோது, எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் குடிசைகளில் அவளைத் தவிர ஆளில்லை.

“ஊர்ப் பேரு என்னம்மா? சொல்லலேன்னா பதினாலாம் நம்பர்னு எழுதிட்டுப் போயிருவேன்.”

அவளுக்கு நாக்கு கூசியது.

“மொக்கையன்…” என்றாள். நடுச்சொல்லை விழுங்கிவிட்டு, “மேடு” என்று முடித்தாள்.

“யாரும்மா அந்த மொக்கையன்?”

“மொத மரத்த வெட்டுனவருய்யா.”

“இப்ப எங்க இருக்காரு?”

“இங்கனதான்யா,” என்றவள், அவர் நின்றிருந்த மண்ணைப் பார்த்தாள்.