பிடிபடாத நரம்பு

முதல் ஊசி பிசகியது.

மங்கையற்கரசி சிஸ்டர் கட்டிலில் படுத்தபடியே தன் இடது கையைப் பார்த்தார். புறங்கையில் நரம்பு தடித்து, நீலமாக, இந்தா இருக்கிறேன் என்று கிடந்தது. முன்பெல்லாம் தாதியாகப் படிக்க வரும் பிள்ளைகள் ஊசி போட்டுப் பழக இந்தக் கையைத்தான் நீட்டுவார். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு குத்தியவளுக்கும் அகப்பட்ட நரம்பு அது.

பிசகவிட்டவள் தாதி கம்சாயினி.

இது நடக்கக்கூடிய காரியமா?

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கம்சாயினியின் கைக்கென்றே ஒரு பெயர் உண்டு. காலையில்கூட, வயிற்றோட்டத்தில் துவண்டுபோய் வந்த கைக்குழந்தைக்கு, இரண்டு பேர் முயன்று கைவிட்ட பிறகு, ஒரே குத்தில் நரம்பு பிடித்தாள். குழந்தை வாயைத் திறந்து அழ முன்பே சேலைன் ஓடத் தொடங்கிவிட்டது.

சிஸ்டருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை என்று இரத்தம் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் வயிற்றில் ஒன்றும் தங்காததால், தான் பொறுப்பாக இருக்கும் வாட்டிலேயே மூலைக் கட்டிலில் படுக்க வேண்டியதாயிற்று. படுத்துக்கொண்டும் எல்லோரையும் வேலை ஏவினார். அந்த வியாதிக்கு மட்டும் மருந்து இல்லை.

காலையில் இன்னொரு வேலையையும் படுத்தபடியே முடித்திருந்தார். கொழும்பில் ஆறு மாதம் ஐ.சி.யூ. பயிற்சி. வாட்டுக்கு ஒரு இடம்தான். பின்னேரத்துக்குள் பெயர் போய்ச் சேர வேண்டும். தலைமைத் தாதியான மேற்றனுக்குப் போன் எடுத்து, பிரதீஸ் என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டு நின்றாள் கம்சாயினி.

பிரதீஸ் தங்கமான பொடியன். ஊசியைக் கையில் எடுத்தால் நோயாளிக்கு முன்னால் அவனுக்கு வியர்த்துவிடும், அவ்வளவுதான். அவன் ஆறு மாதம் இல்லாவிட்டால் வாட்டுக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் அவனுடைய தகுதி.

வருடா வருடம் இதே கதைதான். யார் இல்லாமல் வாட்டு ஓடுமோ அவருக்கே பயிற்சி. இதனால் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவர்களிடம் சான்றிதழ்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தன. கம்சாயினியிடம் ஒன்றுகூட இல்லை.

கடுமையான நோயாளி வந்தால் அவள்தான் அம்புலன்ஸில் கூடவே ஏறிப் பாலம் கடந்து டவுனுக்குப் போவாள். ஐ.சி.யூ. கதவில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வருவாள். அந்தக் கதவுக்கு உள்ளே நின்று வேலை செய்ய வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பயிற்சிக்குப் போக வயது எல்லை இருக்கிறது. அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

சிஸ்டருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. போன வருடம் அவள் வந்து வாய்விட்டே கேட்டாள். சிஸ்டர் அவளுடைய தோளில் தட்டிச் சிரித்தார்.

"நீ போனா நான் ஆர வெச்சு இந்த வாட்டக் கொண்டுபோற மகள்?"

பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். கம்சாயினியும் சிரித்தாள். அதன் பிறகு அவள் கேட்கவேயில்லை.

இரண்டாவது ஊசியும் பிசகியது.

இந்த முறை சிஸ்டருக்கு நன்றாகவே நொந்தது. பாவம், காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள், கை சோர்ந்துவிட்டது என்று நினைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

அந்த முகத்தில் பதற்றம் இல்லை. கையிலும் நடுக்கம் இல்லை. குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, உறையைக் கிழித்து இன்னொரு ஊசியை ஆற அமர எடுத்தாள். கண்கள் மட்டும் கலங்கியிருந்தன.

சிஸ்டர் பஞ்சு வைத்த இடத்தையும் அவளுடைய கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

இதே வாட்டில், வாலிப வயதில், தன்னிடமும் ஒரு சிஸ்டர் இப்படித்தான் சிரித்துக்கொண்டு சொன்னார். நீ போனால் நான் என்ன செய்வேன் என்று. அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார் மங்கையற்கரசி. இதோ, பென்ஷனும் நெருங்கிவிட்டது. ஒரு பயிற்சிக்கும் போனதில்லை. ஆசை இல்லாமலா?

தலையணைக்குக் கீழே கையை விட்டுப் போனை எடுத்தார்.

"மேற்றன், பிரதீஸுக்கு அடுத்த முறை பாப்பம். கம்சாயினிட பேரப் போடுங்க."

மேற்றனுக்கு விளங்கவில்லை. அவளை மட்டும் விடவே மாட்டேன் என்று காலையில் அடித்துச் சொன்னவர் இவர்தானே.

"ஓம், நான்தான் சொன்ன. இப்பதான் பாத்தன், ஒரு நரம்பு ஒழுங்காப் பிடிக்கத் தெரியா அவவுக்கு. போய்ப் படிச்சிட்டு வரட்டும்."

போனை வைத்துவிட்டுக் கையை மறுபடி நீட்டினார்.

மூன்றாவது ஊசி உள்ளே போனதே தெரியவில்லை.

சேலைன் சொட்டத் தொடங்கியது. கம்சாயினி பிளாஸ்டரை ஒட்டினாள். முன்பு குத்திய இரண்டு இடங்களையும் விரலால் மெதுவாகத் தடவினாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"நல்லா நொந்ததா சிஸ்டர்?"

சிஸ்டர் மற்றக் கையால் அவளுடைய தலையைத் தொட்டார்.

"நொந்ததுதான். இந்தக் காய்ச்சல் எனக்குப் போன வருசமே வந்திருக்கலாம் மகள்."