மேஜை மேல் ஐந்து டம்ளர்

கல்லூரி பாஸ்கெட்பால் அணிக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் கோச். ஃபைனல் அன்று காலை, சாப்பாட்டு மேஜையில் ஐந்து டம்ளர்களை ஆட்டக்காரர்களாக நிறுத்தினார்.

"இன்னிக்கு இடப்பக்கமாத்தான் உள்ளே நுழையறோம். கப் நமக்குத்தான்," என்றார் மகளிடம், ஊருக்கே கேட்கும்படி.

மனைவி வந்து ஓர் 'ஆட்டக்காரரை' எடுத்துக் காபி ஊற்றிக் குடித்தாள். "பேச்சைக் குறைச்சுட்டுக் கிளம்புங்க. எனக்கும் வேலைக்கு நேரமாச்சு."

மாலை ஆட்டத்தில் அவர் அணி வலப்பக்கமாகப் பாய்ந்தது. எதிரணி அங்கேதான் காத்திருந்தது. பன்னிரண்டு பாயிண்டில் தோல்வி.

எதிரணியின் கோச் கைகுலுக்க வந்தாள்.

"நிஜமான பிளானை என்னிக்காவது என் காதுபட சொல்லியிருக்கீங்களா? வீட்டுக்கு வரும்போது பால் வாங்கிட்டு வந்துடுங்க."