வீங்கிய விரலும் எக்ஸ்ரே படமும்

தினமும் காலையில் ஆள்காட்டி விரலின் மூட்டு வீங்கி, ஒரு மணி நேரம் மடங்காமல் நின்றது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்ததும் எக்ஸ்ரே படம் விரலைப் பார்த்துச் சிரித்தது.

“எலும்பு பளிங்கு மாதிரி இருக்கிறது. வேலைக்குப் பயந்து நடிக்கிறாயா, அம்மணி?”

“வலி எலும்பில் இல்லை அண்ணாச்சி, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில். பக்கத்து அறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி அதைப் பார்க்குமாம். இப்போதே தெரிந்தால் மருந்தில் அடங்கிவிடுமாம்.”

“ஜெல்லைத் தடவிக்கொண்டு திரிகிற அது என்னைவிடப் பெரிய ஆளா? எனக்குத் தெரியாத நோய் உலகத்திலேயே கிடையாது.”

அந்தப் பேச்சை நம்பி விரலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். புதுப் படத்துக்கும் அதே வாய்தான்.

“மூட்டோரத்தில் எலி கடித்த மாதிரி எலும்பு அரித்திருக்கிறது! கண்டுபிடித்தது யார்? நான்!”

“கெட்டிக்காரர்தான் அண்ணாச்சி. வீடு சாம்பலான பிறகு தீப்பிடித்ததைக் கண்டுபிடித்துவிட்டீர்களே.”

“சரி சரி, என்னைக் கசங்காமல் பிடித்து உறைக்குள் வை.”

விரலும் பிடிக்கத்தான் பார்த்தது. மடங்கவில்லை. படம் நழுவித் தரையில் விழுந்தது.