பூண்டு வாசனை

மாமியார் மருமகளின் வலது கையைப் பிடித்து இழுத்து விரல்களை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. அதிலேயே சந்தேகம் இன்னும் வலுத்தது. இந்த வேளையில் எதற்குச் சோப்புப் போட்டுக் கை கழுவினாளாம்?

சின்னவனுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. பெரியவன் தன்னுடையதில் ஒன்றைத் தர முன்வந்திருந்தான். கொடுப்பவர் பூண்டைத் தொடவே கூடாது, கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

தையல்காரனான சின்னவனுக்கும் அதே கட்டளைதான். கால் வீங்கி மிஷினை மிதிக்க முடியாமல் போனபோது, வீக்கம் வடியும், எதிர்ப்புச் சக்தி கூடும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பூண்டு மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தான். எதிர்ப்புச் சக்தி துள்ளினால் உடம்பு புதுக் கிட்னியையே எதிரியாக நினைத்துத் தாக்கும் என்று டாக்டர் திட்டியதும் நிறுத்திவிட்டான்.

அன்றே சமையலறையிலிருந்து பூண்டு வெளியேறியது. ஆனாலும் இன்று காலை, இரண்டாவது தடவையாக ஆபரேஷன் தள்ளிப்போனது. பெரியவன் வாயைத் திறந்ததுமே டாக்டர் முகம் சுளித்தார். பரிசோதனையிலும் ரத்தம் உறைய வெகு நேரம் பிடித்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

வேறு ஆளுக்கு எங்கே போவது? அம்மாவுக்குச் சர்க்கரை. அவளுடைய கிட்னியே எப்போது மக்கர் பண்ணுமோ என்றிருக்கிறது.

மருமகள் கையை விடுவித்துக்கொண்டாள். "ஆரம்பத்துல வேண்டாம்னு சொன்னேன், இல்லைன்னு சொல்லல அத்தை. மூட்டை தூக்குற மனுஷன், இவருக்கு ஒண்ணுன்னா ரெண்டு பிள்ளைங்களோட நான் எங்க போவேன்னு கேட்டேன். அதுக்காகச் சாப்பாட்டுல கை வைப்பேனா?"

அதை அவள் கேட்டதும் இதே கூடத்தில்தான். சின்னவன் அன்று கட்டிலில் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தவன், போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான். பாவம், அவனும்தான் என்ன செய்வான்.

பெரியவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனாவது தனக்காகப் பேசுவான் என்று மனைவி எதிர்பார்த்தாள்.

"ஏப்பம் விட்டாலே பூண்டுதான் வருது" என்றான் அவன். "உன் கையால சாப்பிடறதைத் தவிர நான் வேற எதையும் தொடறதில்லையே."

புருஷனே நம்பாத வீட்டில் யாரிடம் நியாயம் கேட்பது? மாமியார் பையை எடுத்து அவள் காலடியில் போட்டாள். என் பிள்ளையின் உயிரோடு விளையாடியவள் இந்த வீட்டில் ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மருமகள் குழந்தைகளின் துணிகளை மடிக்காமல் அப்படியே பைக்குள் திணித்தாள்.

சின்னவன் வீங்கிய கால்களை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். அண்ணியிடமிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தான். மூச்சு வாங்கியது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணனுக்கு சத்து மாத்திரைன்னு பூண்டு மாத்திரையைக் கொடுத்தது நான்தாம்மா."