நீலப் பட்டை

ஓடாதே என்று யார் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. பஸ் நின்றதும் நிற்காததுமாகக் குதித்துவிட்டாள்.

அதோ, டவர்!

தென்னந்தோப்புக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மெதுவாக ஏறும். உச்சியில் கொஞ்சம் நிற்கும். பிறகு பொத்தென்று விழும். அதில் உட்கார்ந்தவர்கள் கத்துகிற கத்தல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிறது.

போன வருஷம் உயரம் பத்தவில்லை என்று ஏற்றவில்லை. டவருக்கு அடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக ஐஸ்கிரீம் தின்னவிடவில்லை.

இந்த வருஷம் விடுவாளா?

வருஷம் முழுக்க மாடிப்படிக் கம்பியில் தொங்கினாள். பிடிக்காத முட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். யார் வீட்டுக்கு வந்தாலும் பக்கத்தில் போய் நின்று அளந்து பார்த்தாள்.

பொழுதுபோக்குப் பூங்காவின் நுழைவாயிலில் உயரம் பார்த்துக் கையில் பட்டை கட்டுகிறார்கள். கோட்டுக்கு மேலே என்றால் நீலம். எதில் வேண்டுமானாலும் ஏறலாம். கோட்டுக்குக் கீழே என்றால் மஞ்சள். குட்டி ராட்டினத்தோடு சரி.

அவள் முறை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

தோளில் அம்மாவின் விரல் பட்டது. லேசாக அமுக்கியது.

அவ்வளவுதான். முழங்கால்கள் தாமாகவே மடங்கிவிட்டன.

பாழாய்ப் போன பழக்கம்! பஸ்ஸில் கண்டக்டர் வரும்போதெல்லாம் அந்த விரல் தோளில் படும். பாவாடைக்குள் கால் மடங்கும். அரை டிக்கெட் கிடைக்கும். இன்றைக்கும் அந்தக் கால்கள் அவளைக் கேட்காமலே மடங்கித் தொலைத்தன. சுதாரித்து நிமிர்வதற்குள் மணிக்கட்டில் மஞ்சள் பட்டையைப் பூட்டிவிட்டார்கள்.

முழு டிக்கெட் எடுக்கத் தயாராக நின்ற அப்பாகூட ஒரு மாதிரி விழித்தார்.

அழ நேரமில்லை. டவர் பக்கத்திலும் ஓர் அளவுகோல் உண்டு. அங்கே நிமிர்ந்து காட்டினால் போயிற்று. ஓடினாள். மாற்றுத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் அப்பாவும் மூச்சு வாங்கப் பின்னால் வந்தார்கள்.

டவர் வாசலில் சீருடை போட்ட ஒரு பெண் நின்றாள். பட்டையைப் பார்த்ததும் முடியாது என்று தலையை ஆட்டினாள். இவள் விடவில்லை. அளவுகோலில் முதுகை ஒட்டி நின்றாள். கோடு அவள் நெற்றிக்குக் கீழே இருந்தது.

"ஹைட் இருக்கே பாப்பா. அப்புறம் எப்படி மஞ்சள் கட்டுனாங்க?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார். "இங்க வந்துமா காசு பாப்ப?"

அந்த நிமிஷம் அவளுக்கு அம்மாவைப் பிடிக்கவில்லை. துளிகூடப் பிடிக்கவில்லை.

அம்மா அந்தப் பெண்ணிடம்தான் பதில் சொன்னாள்.

"காசுக்கு இல்லீங் கண்ணு. பயமுங்க. மஞ்சள் கட்டிட்டா இதுல ஏத்த மாட்டாங்கன்னு நான்தான் தோள அமுத்துனேன்."

யாரும் சிரிக்கவில்லை.

மேலே ஒரே கூச்சல். டவர் விழுந்தது. அம்மா கண்களை இறுக்கி மூடித் திறந்தாள்.

"கவுன்டர்ல நீங்களே போய்ச் சொன்னா மாத்திக் குடுப்பாங்கக்கா" என்றாள் அந்தப் பெண்.

போகலாம். போகாமலும் இருக்கலாம். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. அவள் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா ஒரு கையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தாள். இன்னொரு கையில் அவளைப் பிடித்தாள்.

ஓடினாள்.

அம்மா ஓடி அவள் பார்த்ததே இல்லை. என்ன வேகம்! பஞ்சுமிட்டாய்க்காரரை இடித்துக்கொண்டு, தண்ணீரில் நனைந்து வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வழியெல்லாம் நகருங்க நகருங்க என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

கவுன்டரில் இருந்தவர் கதையைக் கேட்டுவிட்டு மஞ்சளை வெட்டி எறிந்தார்.

நீலம்! நீலம்!

அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே அவள் திரும்பி ஓடி வந்தாள். இப்போது அம்மாதான் பின்தங்கிவிட்டாள்.

இருக்கையில் உட்கார்ந்தாள். கம்பி நெஞ்சின்மேல் இறங்கிப் பூட்டியது. அதுவரைக்கும் இதெல்லாம் ஒரு விஷயமா என்று பேசிக்கொண்டிருந்த அப்பா, பக்கத்து இருக்கையில் முருகா முருகா என்று முனகத் தொடங்கினார்.

வேலிக்கு வெளியே இருந்து அம்மா கத்தினாள்.

"சாமி, மேல போனதும் என்னையப் பாரு! கை ஆட்டிக்கிட்டே நிக்கறேன்!"

"சரிம்மா!"

ஏறியது.

தென்னை மரங்கள் கீழே போயின. வந்த பஸ் கீழே போயிற்று. மலை முழுசாகத் தெரிந்தது. அதன் மேல் வெயில். அதற்கும் அந்தப் பக்கம் இன்னொரு மலை. அவ்வளவு காற்று. அடேயப்பா, இத்தனை நாள் இது எல்லாம் இங்கேயேவா இருந்தது?

விழுந்தது.

வயிறு மேலேயே நின்றுவிட்டது. அவள் கத்தினாள். கத்தல் எந்த இடத்தில் சிரிப்பானது என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள்.

கால் தரையில் பட்ட பிறகுதான் அம்மாவின் நினைவு வந்தது.

வேலிக்கு வெளியே அம்மா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். இறங்கியாச்சு என்று அப்பா போய்த் தொட்ட பிறகுதான் கைகளை எடுத்தாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள்.

"நான் கை ஆட்டுனேனே, பாத்தியா சாமி?"

"பாத்தேம்மா. ரெண்டு கையிலயும் ஆட்டுன."