பந்தலில் அழுதவர்

"ஃபந்தாயே, கடைசி பெஞ்சுல உக்காந்து அழறாரே, அவர் யாருடி?"

அஸ்காலே இதைக் கேட்பது மூன்றாவது முறை. கணவர் காசாஹுனை அடக்கம் செய்து மூன்று நாளாகிறது. பதில்தான் வந்தபாடில்லை.

எதிர் வீட்டு ஃபந்தாயே காப்பி ஊற்றுவதில் மும்முரமானாள். "துக்கத்துக்கு வந்தவங்களைப் போய் யாருன்னு கேப்பாங்களா அக்கா? இதைக் குடிங்க."

கேட்க மாட்டார்கள்தான். அடிஸ் அபாபாவில் குடியிருப்பு முற்றத்தில் துக்கப் பந்தல் போட்டுவிட்டால் யாரும் வரலாம், உட்காரலாம், அழலாம், அவித்த கோதுமையில் ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இவர் மூன்று நாளும் முதல் ஆளாக வந்தார். காசாஹுனின் உறவினர்கள் அவரை அஸ்காலே வழிச் சொந்தம் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அஸ்காலேயின் தம்பிகளோ, காசாஹுன் வழியாக்கும் என்று நினைத்து விழுந்து விழுந்து உபசரித்தார்கள். அவரும் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, கோட்டு நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அஸ்காலேயை அரித்தது வேறு விஷயம். காசாஹுன் நாற்பது வருடம் ஜிம்மாவுக்குப் பஸ் ஓட்டியவர். வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் தங்கல். எங்கே சாப்பிட்டார், எங்கே படுத்தார் என்று இவள் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. இந்த மனிதருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பார்க்கப் பார்க்க அந்த மூக்குகூடக் காசாஹுன் மூக்கு மாதிரியே தெரிந்தது.

மண் காய்வதற்குள் புருஷனைச் சந்தேகப்படுகிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. சந்தேகப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

நேற்று அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாராம்மா?"

"காலையில சவரம் பண்ணிக்கிட்டிருந்தார். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார்."

"நாலாவது மாடியாச்சே. லிஃப்டும் கிடையாது. யார் இறக்கினாங்க?"

"ஃபந்தாயேதான் கத்திக் கீழ்வீட்டு ஆம்பிளைங்களைக் கூட்டினா. போர்வையில வச்சு நாலு பேராத் தூக்கினாங்க."

"கதவைத் தட்டினதும் வந்தாங்களா?"

"அவ கதவைத் தட்டவே வேண்டாம்ப்பா. நான் பலமா இருமினாலே வந்து நிப்பா."

"தண்ணி வராத நாள்ல?"

"மஞ்சள் கேன்ல பிடிச்சு, அவதான் மேல கொண்டாந்து குடுப்பா."

இதைக் கேட்டதும் மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தண்ணீர் கேனுக்கு யாராவது இப்படி அழுவார்களா? பெற்ற அப்பனின் கடைசி நாட்களைக் கேட்கிற பிள்ளைதான் அழுவான் என்று அஸ்காலே நினைத்துக்கொண்டாள்.

"ஃபந்தாயே, மறைக்காதே. நேத்து நீ அவர்கிட்ட மாடிப்படி ஓரமா நின்னு பேசினதை நான் பார்த்தேன்."

ஃபந்தாயே காப்பி ஊற்றுவதை நிறுத்தினாள். "நாப்பதாம் நாள் முடியட்டும் அக்கா. நானே சொல்றேன். இப்ப உங்களால தாங்க முடியாது."

அவ்வளவுதான். அஸ்காலேக்கு இனி என்ன சந்தேகம்?

"தம்பி! இங்க வா."

பந்தலில் கோதுமை மெல்லும் சத்தம் நின்றது. அவர் எழுந்து வந்தார்.

"உன் பேரென்ன?"

"டெமிசெ."

"அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லு."

"டெமிசெ லெம்மா."

"லெம்மாவா? அவர் எங்க இருக்கார்?"

"டெஸ்ஸேயில துணிக்கடை வச்சிருக்கார். ஏம்மா?"

அஸ்காலேக்கு மூன்று நாளாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. அந்த மூக்கும் சட்டென்று வேறு யாரோ ஒருவர் மூக்காகிவிட்டது. "அப்புறம் எதுக்குப்பா என் புருஷனுக்காக மூணு நாளா அழறே?"

டெமிசெ தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் அழுதது என் மனைவியை நினைச்சும்மா. போன வருஷம் அவ குளியலறையில விழுந்துட்டா. வாடகைக்கு இருந்த மாடியில ஆறு கதவைத் தட்டினேன். ஒருத்தரும் திறக்கலை. அவ போயிட்டா. நீங்க சொல்லச் சொல்ல அதுதான் ஞாபகம் வந்துச்சு." கோட்டு நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப சொந்தமா வீடு வாங்கலாம்னு பார்க்கறேன். தரகர் டைல்ஸைக் காட்டறார், பால்கனியைக் காட்டறார். டைல்ஸை நான் மாத்திக்குவேன். பக்கத்து வீட்டு ஆளுங்களை மாத்த முடியுமா? இங்க வீடு பார்க்க வந்த அன்னைக்கே பந்தல் போட்டிருந்துச்சு. சரி, உக்காந்து பார்ப்போம்னு உக்காந்தேன். தப்புன்னா மன்னிச்சுக்குங்க. இன்னைக்குக் காலையிலதான் வீட்டு விலையைப் பேசி முடிச்சேன்."

அஸ்காலே மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். காசாஹுனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். டெமிசெயின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கே. எங்க ஃபந்தாயே இருக்கறப்ப உனக்கு ஒரு கவலையும் வேண்டாம். எந்த வீடுப்பா?"

டெமிசெ ஒன்றும் புரியாமல் ஃபந்தாயேவைப் பார்த்தார். அவள் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க வீடுதாம்மா. மகளோட ஹவாசாவுக்கே போயிடறாங்களாமே, உங்ககிட்ட சொல்லலையா?"