பரவிய விதம்

கடல்நீர்த் தட்டில் கிடக்கும் விசிறிப்புழு, தோல் போன்ற தன் குழாயிலிருந்து மெல்ல எட்டிப் பார்த்துப் பழுப்பு வரியோடிய இறகுகளை விரிக்கிறது. என் நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே ஓடிவிடுகிறது. டியூப்லைட் கொசு மாதிரி ரீங்கரிக்கிறது. இறகுகளின் ஓரத்தில் இரட்டை இரட்டையாகக் கண்கள். நுண்ணோக்கியில் மூன்று முறை எண்ணிவிட்டேன். இது நம் கடலின் இனமே அல்ல, கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்த இனம். போன மாதம் நான் மூன்றாக வெட்டிய இன்னொன்று, பக்கத்துக் கிண்ணத்தில் மூன்று புழுக்களாக நிற்கிறது. அயல் இன அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்தான் பாக்கி: பரவிய விதம்.

"நாலு மணிக்குள்ள அனுப்பணும்மா." பேராசிரியர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார். "கப்பல் அடியைச் சுரண்டுற ஆளுங்க புழுவை வெட்டித் தண்ணியில போட்டதால பரவிச்சுன்னு எழுது. வேலை முடிஞ்சுது."

"அந்த ஆளுங்கள்ல ஒருத்தர் எங்கப்பா, சார்."

மூடி அப்படியே நிற்கிறது. "நான் பொதுவா சொன்னேன்மா."

"பொதுவா சொன்னா யார் தலையில விழும்? வெட்டினா செத்துடும்னு நினைச்சுதான் வெட்டினாங்க. சுரண்டினதைக் கரைக்கு ஏத்த வண்டி கேட்டாங்க. துறைமுக அதிகாரிதான் தண்ணியிலயே தள்ளச் சொன்னாரு."

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்லையே."

இல்லைதான். கட்டம் கட்டைவிரல் அகலம். எழுத்தைப் பொடியாக்கி எழுதுகிறேன்: கொண்டுவந்தது கப்பல், வெட்டியது கூலியாட்கள், கடலில் தள்ளச் சொன்னது துறைமுக அதிகாரி. வரி கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போகிறது. அது பேராசிரியர் கையெழுத்துப் போடவேண்டிய கட்டம்.